தமிழ்நாட்டு வரலாற்றுத் தினசரி நாள்காட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டுத் தொடக்கத்தில், எங்கள் ஒன்பதாம் வகுப்பு அறைக்கென்று, தமிழ்நாட்டு வரலாற்று நிகழ்வுகளை நாள்தோறும் தரும் தினசரி நாள்காட்டி ஒன்றை 260 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு நாள்காட்டியைப் பற்றிக் கடைசித் தாளைக் கிழித்த பிறகுதான் பேச முடியும் என்பதால் டிசம்பர் 31 வரை காத்திருந்து இதை எழுதுகிறேன். வெளியிட்ட அச்சகத்தின் பெயரைச் சொல்லவில்லை. 'வரலாற்றில் இன்று' என்ற பகுதி இப்போது பல நாள்காட்டிகளிலும் இடம்பெறுகிறது. அப்படி ஒன்றை வாங்குவோர் எந்தெந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே என் நோக்கம்.

அமைப்பில் இது நமக்குப் பழக்கமான நாள்காட்டிதான். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புது ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிட்டு வியாபாரத்தைத் தொடங்குவார்கள் அல்லவா, அந்த மரபில் வந்தது. தடித்த அட்டை, அதன்மேல் தகரப் பட்டையால் இறுக்கப்பட்ட தாள்கட்டு, தாளின் நடுவில் பெரிய எழுத்தில் தேதி, பக்கத்தில் தமிழ் மாதமும் கிழமையும், அதன் கீழே திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம். வழக்கமாக இராசிபலன் அச்சிடப்படும் கீழ்ப்பாதியில், அந்தத் தேதியில் தமிழ்நாட்டில் நடந்தவற்றை மூன்று அல்லது நான்கு குறிப்புகளாகத் தந்திருக்கிறார்கள். இராசிபலனை எடுத்துவிட்டு வரலாற்றுக்கு இடம் கொடுக்க ஓர் அச்சகம் துணிந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்கும்போது நான் கடையிலேயே புரட்டிப் பார்த்த முதல் தாள் நவம்பர் 1. குமரி மாவட்டத்துக்காரர் எவரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 1956ஆம் ஆண்டு அந்த நாளில்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. பொதுவாக நாள்காட்டிகளில் இந்த நாளுக்கு 'மொழிவழி மாநிலங்கள் அமைந்த நாள்' என்ற ஒற்றை வரிதான் இருக்கும். இந்த நாள்காட்டியோ, வந்தவை எவை, போனவை எவை என்று இரண்டையும் சொல்லியிருக்கிறது. மலபார் மாவட்டம் கேரளத்துக்குப் போனதும், தென் கன்னட மாவட்டத்தில் காசர்கோடு நீங்கலான பகுதி மைசூர் மாநிலத்துக்குப் போனதும், கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டம் மைசூருக்குப் போனதும் ஒரே குறிப்பில் அடங்கியிருக்கின்றன. கேரளமும் கர்நாடகமும் நவம்பர் 1ஐப் பிறந்தநாளாகக் கொண்டாடும்போது தமிழ்நாட்டில் அந்த நாள் ஏன் அவ்வளவு பரவலாகக் கொண்டாடப்படுவதில்லை என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். மற்றவர்களுக்கு அது சிதறிக் கிடந்த பகுதிகள் ஒன்றுகூடிய நாள். சென்னை மாநிலத்துக்கோ சில பகுதிகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டு எஞ்சியதோடு நின்ற நாள். குமரிக்கும் செங்கோட்டைக்கும் மட்டுமே அது சேர்ந்த நாள். இந்த விளக்கத்துக்கு வேண்டிய தரவு முழுவதும் அந்த ஐந்து வரிகளில் இருக்கிறது.

அதே தாளில் மேலும் மூன்று குறிப்புகள் உள்ளன. 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா அரசியின் பிரகடனம் வாசிக்கப்பட்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1639இல் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் ஆட்சி ஏறத்தாழ 220 ஆண்டுகளுக்குப் பிறகு முடிந்த நாள் என்பதால், இது இந்திய வரலாறாக இருக்கும் அளவுக்குச் சென்னையின் வரலாறும் ஆகும். அந்தத் தொடர்பையும் ஒரு வரியில் சேர்த்திருந்தால் மாணவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரிந்திருக்கும். இன்னொரு குறிப்பு 1959 நவம்பர் 1 அன்று எம். கே. தியாகராஜ பாகவதர் மறைந்ததைச் சொல்கிறது. மூன்று தீபாவளிகளைக் கண்ட படத்தின் நாயகர், கொலை வழக்கொன்றில் சிறை சென்று, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய் 1947இல் விடுதலையாகி வந்தவர், ஐம்பது வயதைத் தொடுவதற்குள் காலமான நாள் அது. அரசாணைகளுக்கும் எல்லைக் கோடுகளுக்கும் நடுவே ஒரு பாடகருக்கும் இடம் கொடுத்த ரசனையைப் பாராட்டுகிறேன்.

நான்காவது குறிப்பில்தான் குறை இருக்கிறது. '1954: புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றின் நிர்வாகம் இந்திய அரசின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16இல். ஆகவே நவம்பர் 1க்குப் பொருத்தமான சொல் 'நிர்வாகம் கைமாறியது' என்பதே. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இத்தகைய தாள்களைக் குறிப்பேட்டில் ஒட்டி வைக்கிறார்கள். மூன்று தேதிகளுக்கும் மூன்று பொருள் உண்டு என்று தெரியாமல் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்கிறவர் தேர்வு அறையில் தடுமாறுவார்.

இந்தக் குறையின் வேர் ஒன்றுதான். ஓர் அரசியல் நிகழ்வுக்கு ஒரே தேதி இருப்பது அரிது. கோரிக்கை எழுந்த நாள், தீர்மானம் நிறைவேறிய நாள், சட்டம் ஒப்புதல் பெற்ற நாள், நடைமுறைக்கு வந்த நாள் என்று குறைந்தது நான்கு நாட்கள் இருக்கும். வரலாற்று நாள்காட்டி தொகுப்பவருக்கு வேண்டிய முதல் திறமை இந்த நான்கையும் பிரித்தறிவதே என்று கருதுகிறேன். நவம்பர் 1 தாளின் முதல் குறிப்பில் அந்தத் திறமையைக் காட்டிய இதே நாள்காட்டி, ஜூலை 18 தாளில் அதைக் கைவிட்டிருக்கிறது.

அந்தத் தாளில் '1967: சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர் மாற்றம் பெற்றது' என்று இருக்கிறது. 1967 ஜூலை 18 அன்று நடந்தது பெயர் மாற்றத்துக்கான தீர்மானம். முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த அந்தத் தீர்மானம் சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறியது. அவர் மூன்று முறை 'தமிழ்நாடு' என்று சொல்ல, உறுப்பினர்கள் மூன்று முறையும் 'வாழ்க' என்று முழங்கினார்கள். நாடாளுமன்றம் 1968இல் அதற்கான சட்டத்தை இயற்றியது. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில். நோய்வாய்ப்பட்டிருந்த அண்ணா அடுத்த மூன்று வாரங்களுக்குள், பிப்ரவரி 3 அன்று மறைந்தார். இந்த மூன்று தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது உண்டாகும் மன நெகிழ்வை, ஜூலை 18இலேயே எல்லாம் முடிந்ததாக எழுதிய அந்த ஒற்றை வரி இல்லாமல் செய்துவிடுகிறது. தமிழ்நாடு நாள் எது என்ற கேள்வியிலும் இதே சிக்கல்தான் இருக்கிறது. 2019இல் நவம்பர் 1ஐ அரசு அவ்வாறு அறிவித்தது. 2021இல் வந்த அரசு ஜூலை 18ஐ அறிவித்தது. எல்லை அமைந்த நாளா, பெயர் சூட்டத் தீர்மானித்த நாளா என்பதில் இருவருக்கும் தத்தம் காரணம் உண்டு. நாள்காட்டி எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு தாள்களிலும் இதைக் குறித்திருப்பது நேர்மையான செயல்.

இனிச் சொல்ல வேண்டியது எனக்கு மிகவும் வருத்தம் தந்த குறை. ஜனவரி 14 தாளைத் திருப்பினால் அதில் தமிழ்நாடு இல்லை. பொங்கல் பானை, கரும்பு, பொங்கல் வைக்க நல்ல நேரம் ஆகியவை தாளை நிரப்பிவிட்டன. வரலாற்றுப் பகுதி முழுவதுமாக நீக்கப்பட்டிருக்கிறது. மாநிலத்தின் பெயர் பிறந்த நாளில், மாநில வரலாற்றுக்கென்றே வெளியான நாள்காட்டியில், அந்தப் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. டிசம்பர் 25 தாளிலும் இதே நிலைதான். கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் குடிலும் அழகாக வந்திருக்கின்றன. 1968இல் அந்த நாளின் இரவில், அன்றைய கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டது அதில் இல்லை. பண்டிகை நாளில் துக்கச் செய்தி வேண்டாம் என்று நினைத்தார்கள் என்றால், மறுநாள் தாளில் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைப் பற்றி நாகப்பட்டினம், கடலூர், குளச்சல் என்று ஊர்ப் பெயர்களோடு விரிவாக எழுதியிருக்க மாட்டார்கள். கடல் கொண்டுபோனவர்களை நினைவுகூர இடம் உண்டு, மனிதர்கள் எரித்தவர்களை நினைவுகூர இடம் இல்லை என்ற எண்ணம் வாசிப்பவர் மனதில் எழாமல் இருக்காது.

அச்சகத்தின் தொலைபேசி எண் அட்டையின் பின்புறம் இருந்தது. அழைத்துப் பேசினேன். எடுத்தவர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

"பண்டிகை நாள் தாள்ல படம் பெருசா வரணும்னு கடைக்காரங்க கேக்குறாங்க சார். எழுத்துக்கு இடம் இல்லாம போயிடுது."

"பின்பக்கம் முழுக்க வெறுமையா இருக்கே, அங்க போடலாமே?"

சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "அது நல்லாத்தான் இருக்கும் சார், குறிச்சுக்கிறேன்" என்றார். இரு பக்கமும் அச்சிட்டால் செலவு கூடும் என்பதை நான் அறிவேன். ஆண்டில் பெரிய பண்டிகைகள் பதினைந்து, இருபதுக்கு மேல் வராது. அந்தத் தாள்களுக்கு மட்டும் பின்பக்கம் அச்சிட்டு விலையைப் பத்து ரூபாய் கூட்டினாலும் நான் வாங்குவேன்.

நிறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டும். தொகுத்தவருக்கு இரவுச் செய்திகளைக் கையாளத் தெரிந்திருக்கிறது. 1964இல் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அலையில் சிக்கியதும் அப்போதுதான். இதை 22ஆம் தேதித் தாளில் 'இரவு' என்ற குறியோடு கொடுத்து, 23ஆம் தேதித் தாளில் 'விடிந்தபோது' என்று தொடர்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே மாணவர்கள் மறுநாள் தாளை ஆவலோடு கிழித்தார்கள். ஜூலை 8 தாளில், 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றதை எழுதும்போது, உடன் நுழைந்தவர்களில் கக்கன் இருந்தார் என்பதைச் சேர்த்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அமைச்சரான ஒருவர் தம் இளமையில் அந்த வாசற்படியை முதன்முதலாகத் தாண்டினார் என்று படிக்கும் ஒரு மாணவருக்கு, 'ஆலய நுழைவுப் போராட்டம்' என்ற பாடநூல் சொற்றொடருக்கு ஓர் உருவம் கிடைக்கிறது. 1930இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட உப்பு யாத்திரையை ஏப்ரல் 13 தாளில் தொடங்கி, வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ஏப்ரல் 30 தாளில் முடித்திருப்பதும் நல்ல உத்தி. அந்த நீண்ட நடையை மாணவர்கள் தாளைக் கிழித்துக் கிழித்தே உணர்ந்தார்கள்.

தலைவர்களின் பிறந்தநாள், நினைவுநாள் குறிப்புகள் எதிர்பார்த்தபடியே நிறைய இருக்கின்றன. செப்டம்பர் 15, 17 ஆகிய தாள்களில் அண்ணா, பெரியார். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள். எல்லாம் சரியாகவே உள்ளன.

தேதியில்லா நிகழ்வுகளை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். முதலாம் இராஜராஜனுக்குத் தஞ்சையில் எடுக்கும் விழா ஐப்பசிச் சதயத்தில் வருவது; ஆங்கில மாதக் கணக்கில் அது அக்டோபரிலும் விழும், நவம்பரிலும் விழும். அவருடைய பிறந்தநாள் என்று ஓர் ஆங்கிலத் தேதியை நிலையாக அச்சிடும் தவற்றை இவர்கள் செய்யவில்லை. அந்த ஆண்டில் சதயம் விழுந்த தாளிலேயே, அது நட்சத்திரக் கணக்கு என்ற விளக்கத்தோடு கொடுத்திருக்கிறார்கள். மேல்பாதியில் நட்சத்திரத்தையும் கீழ்ப்பாதியில் வரலாற்றையும் வைத்திருக்கும் நாள்காட்டிக்கு, இரண்டும் சந்திக்கும் இடம் இதுதான். அதை உணர்ந்து செய்திருக்கிறார்கள்.

தாளின் தரம் சுமார்தான். மழைக்காலத்தில் ஈரம் ஏறி மை சற்றுப் பரவியது. ஆனால் கிழிக்கும்போது தகரப் பட்டையோடு ஒட்டிக்கொண்டு பாதியில் கிழியும் தொல்லை இதில் இல்லை. எழுத்தின் அளவு கடைசி இருக்கை மாணவருக்குத் தெரியாது. அதனால் நாள்தோறும் ஒருவர் எழுந்து வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம்.

அந்த வழக்கத்தில்தான் இந்த நாள்காட்டியின் மிகப் பெரிய பயனைக் கண்டேன். நவம்பர் 1 எங்கள் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் அந்தத் தாளை முந்தைய வேலைநாளிலேயே கிழித்து வாசித்தோம். வாசித்த மாணவர் புதுக்கடையைச் சேர்ந்தவர். நான்கு வட்டங்களின் பெயரையும் வாசித்துவிட்டு நின்றார்.

"சார், எங்க ஊர்ல சுட்டது இதுல இல்லியே?"

1954 ஆகஸ்ட் 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைமையில் போராடியவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியின் பெயரோடு எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பேசப்படும் செய்தி அது. ஆகஸ்ட் 11 தாளில் அந்தக் குறிப்பு இருந்தது. நாங்கள் வாசித்தும் இருந்தோம். நவம்பர் 1 தாளில் 'காண்க: ஆகஸ்ட் 11' என்ற இரண்டு சொற்கள் இல்லாததால், பதினொரு வாரங்களுக்கு முன் கிழித்த தாளோடு இந்தத் தாள் தொடர்பற்று நின்றது. தேதி வரிசையில் வரலாற்றைச் சொல்லும் எந்த நூலுக்கும் உள்ள இயல்பான சிக்கல் இது. விளைவு நவம்பரில் இருக்கும், காரணம் ஆகஸ்டில் இருக்கும். சில சமயம் காரணம் அடுத்த ஏப்ரலில் வரும். அடுத்த பதிப்பில் இந்த இணைப்புக் குறிகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பது என் முதன்மையான வேண்டுகோள்.

நல்லவேளையாக, கிழித்த தாள்களை நாங்கள் எறியவில்லை. மேசை இழுப்பறையில் சேர்த்து வைத்திருந்தோம். அன்றைய பாடவேளையில் மாணவர்கள் அவற்றைத் தேடியெடுத்து, தேதியை விட்டுவிட்டு ஆண்டு வரிசையில் அடுக்கினார்கள். சன்னலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சணல் கயிறு கட்டி, துணி காயப் போடும் கிளிப்புகளால் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்கள். ஆந்திரம் பிரிந்த 1953இன் அக்டோபர் 1 முதலில் வந்தது. அடுத்து 1954இன் ஆகஸ்ட் 11. அதன்பின், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளுக்காக 75 நாட்களுக்கும் மேலாக உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரின் 1956 அக்டோபர் 13. அதற்குப் பத்தொன்பது நாட்கள் கழித்து நவம்பர் 1. திருத்தணி திரும்பி வந்த 1960இன் ஏப்ரல் 1. சட்டமன்றத் தீர்மானத்தின் 1967 ஜூலை 18. அதில் ஒரு மாணவி 'பெற்றது' என்பதை அடித்துவிட்டு 'பெறத் தீர்மானித்தது' என்று நீல மையில் திருத்தியிருந்தார். புத்தகமாகக் கட்டப்பட்டிருந்தால் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது. கிழியும் தாளாக இருப்பதுதான் இந்த நாள்காட்டியின் பலம் என்று அப்போது புரிந்தது.

வரிசையின் கடைசியில் 1969இன் ஜனவரி 14 வர வேண்டும். அந்தத் தாளில் பொங்கல் பானை மட்டும் இருந்தது. புதுக்கடை மாணவர் அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, 'சென்னை மாநிலம் இன்று முதல் தமிழ்நாடு' என்று எழுதி, எழுத்துப் பக்கம் வகுப்பைப் பார்க்கும்படி கயிற்றில் மாட்டினார்.